அடிக்குறிப்பு ஏழு

பத்ரிநாராயணன் ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். ஹைதராபாத் தார்நாகாவில் அவர் வீட்டுக்குப் போனால் காபி வருவதற்கு முன்னால் கோப்புகள் வந்துவிடும். நாடாளுமன்றக் குழு அறிக்கைகள், டெண்டர் விளம்பரங்கள், விமானங்களுக்கு அரசு விடுகிற எச்சரிக்கை அறிவிப்புகள், அண்டை நாட்டுப் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்த துண்டுகள் என்று கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். உட்கார நாற்காலியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். "ரகசியம்கிறதெல்லாம் சோம்பேறிகளுக்கு ஸார். படிக்கத் தெரிஞ்சவனுக்கு எல்லாம் அச்சுலயே இருக்கு" என்பார். ஒரு நாட்டின் பாதுகாப்பைப் பழைய பேப்பர்க்காரன் கண்ணோடு பார்த்த மனுஷர் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

அவர் எழுபத்தொன்பதாம் வருஷம் கும்பகோணத்திலிருந்து ஹைதராபாத்துக்கு வந்தார், உப்பலில் இருந்த அக்கா வேதாவின் வீட்டுக்கு. ஐந்து வருஷம் அங்கேதான் சாப்பாடு, படுக்கை, ஆராய்ச்சி எல்லாம். இந்தியப் பெருங்கடலில் எந்தத் தீவில் எந்த நாட்டுக்கு என்ன உரிமை என்று நானூறு பக்கத்துக்கு ஓர் ஆய்வேடு எழுதினார். அதை இந்த உலகத்தில் மூன்று பேர் படித்தார்கள்: வழிகாட்டிய பேராசிரியர், வெளியூர்த் தேர்வாளர், அக்காவின் கணவர் ஜகதீசன். முதல் இரண்டு பேர் முழுக்கப் படித்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. அத்திம்பேர் படித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு தூரக் கணக்கு தப்பு என்று பென்சிலால் சுழித்துக் கொடுத்தார். அது தப்பாகத்தான் இருந்தது.

பிறகு பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. கல்யாணம் பண்ணிக்கொள்ள நேரம் இல்லை என்றார். உண்மையில் மறந்துபோனார் என்றுதான் தோன்றுகிறது. காலி நாற்காலிகளைப் பார்த்துக் கட்டுரை வாசித்தே பதினாலு வருஷம் போயிற்று. தொண்ணூற்றெட்டு மே மாதம் அணுகுண்டு சோதனை நடந்தபோது கோடை விடுமுறை. துறையில் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் போன் பண்ணியபோது எடுக்க இருந்தது இவர் ஒருத்தர்தான். மறுநாள் பேப்பரில் இவரைப் 'பாதுகாப்பு நிபுணர்' என்று போட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பட்டத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஆங்கில நாளிதழில் செவ்வாய்க்கிழமைதோறும் கட்டுரை, தெலுங்குத் தொலைக்காட்சிகள் வந்த பிறகு வாரம் இரண்டு விவாதம் என்று மனுஷர் ஒரு பத்து வருஷம் கொடி கட்டிப் பறந்தார்.

அந்தக் கொடி இறங்க ஆரம்பித்ததும் டிவியில்தான். "ஒக்க மாடலோ செப்பண்டி சார்" என்பாள் தொகுப்பாளினி. யுத்தம் வருமா வராதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று அர்த்தம். இவர் கோப்பைப் பிரிப்பார். பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் விளம்பரம் வந்துவிடும். பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஓய்வுபெற்ற கர்னலுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. அடுத்த மாதம் யுத்தம் என்று ஒரே போடாகப் போடுவார். அடுத்த மாதம் வந்து போகும், யாரும் கேட்க மாட்டார்கள். மாதாப்பூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்ப எழும்ப இவர் வகுப்பில் தலைகளும் குறைந்துகொண்டு வந்தன. இரண்டாயிரத்து ஏழில் நாலே நாலு மாணவர்கள், அதில் இருவர் கால் சென்டரில் வேலை கிடைக்கிற வரைக்கும்தான்.

அந்த வருஷம் ஜூலையில், ஒரு சனிக்கிழமை, பத்திரிகை ஆசிரியர் போன் பண்ணினார். "புரொபசர், உங்க கட்டுரை பாடம் மாதிரி இருக்கு. டெல்லிலேர்ந்து ஒரு பையன் எழுதறான், தேதி போட்டு எழுதறான். புது ஏவுகணை சோதனை எப்போன்னு தெரிஞ்சா எழுதுங்க. இல்லேன்னா அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க மாசம் ஒண்ணு குடுத்தாப் போதும்."

கட்டுரை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். ஆறு அடிக்குறிப்பு. பத்திரிகையில் அடிக்குறிப்பு போட மாட்டார்கள். இருந்தாலும் தன் பிரதியில் போட்டு வைப்பார். ஏவுதளத்தில் கூரை வேய விட்ட டெண்டர், நாடாளுமன்றக் குழு அறிக்கையின் நாற்பதாம் பக்கம் என்று எல்லாம் அச்சில் வந்தவை. அத்தனையும் சேர்ந்து சொன்னது 'இந்த ஆண்டுக்குள்' என்பதைத்தான். அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட நகராது.

மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உப்பலில் சாப்பாடு என்பது இருபத்தெட்டு வருஷப் பழக்கம். படியேறும்போதே புளி கொதிக்கிற வாசனை வந்தது. அடுப்பில் அகல வாணலி, பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த ஹார்லிக்ஸ் பாட்டில் இரண்டு.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஜகதீசன் மத்திய அரசின் பாதுகாப்பு ஆய்வகம் ஒன்றில் விஞ்ஞானி. ஏவுகணை சம்பந்தப்பட்ட வேலை என்பது வரைக்கும் வீட்டுக்குத் தெரியும். அதில் அவர் எந்தத் திருகாணியைத் திருகினார் என்பது வேதாவுக்குக்கூடத் தெரியாது. அவள் கேட்டதும் இல்லை. ஆனால் சோதனைக்காகக் கிழக்குக் கடற்கரைக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, "வேதா, காய்ச்சிடு" என்பார். அந்த ஊர் மெஸ் சாப்பாடு அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. புளிக்காய்ச்சல் இருந்தால் வெறும் சாதத்தில் பிசைந்து நாளை ஓட்டிவிடுவார். அந்தத் தெருவில் இருந்த ஆய்வகத்துக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான். தெலுங்குக்காரர் வீட்டில் ஆவக்காய் ஜாடி இறங்கும், எதிர்வீட்டில் பருப்புப்பொடி இடிபடும். ஒரே வாரத்தில் நாலு வீட்டு அம்மாக்கள் கிலோக் கணக்கில் புளியும் மிளகாயும் வாங்கினால் மளிகைக் கடைக்காரருக்குப் புரிந்துவிடும். புரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். தெரு முழுக்கத் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். வாயைத் திறக்காத வரைக்கும் அது யாருக்கும் தெரியாத விஷயம். இந்த ஏற்பாட்டில்தான் அத்தனை குடும்பமும் கௌரவமாகக் குடித்தனம் நடத்தியது.

பத்ரிக்கும் தெரியும். அந்த பாட்டில்களை அவர் முப்பது தடவையாவது பார்த்திருப்பார். ஒரு தடவைகூட அது அவர் எழுத்துக்குள் வந்ததில்லை. அச்சில் வராதது அவர் கணக்கில் ஆதாரமே இல்லை.

சாப்பிட உட்கார்ந்தார்கள். "இன்னொரு கரண்டி போடறேண்டா" என்றாள் வேதா.

"நக்கோ அக்கா, போதும்." இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தால் கும்பகோணத்து நாக்கிலும் இப்படி ஒன்றிரண்டு ஒட்டிக்கொள்ளும்.

"சுஷ்மாவைப் பெண் பாக்க சிகந்தராபாத்லேர்ந்து வரேன்னா. உன் அத்திம்பேர் பிடி குடுக்க மாட்டேங்கறார். இந்த மாசம் இருபதாம் தேதி வரைக்கும் முடியாது, அதுக்கப்புறம் எப்போ வேணா வரட்டும்கறார்" என்று வேதா மகளின் கல்யாணப் பேச்சை எடுத்தாள்.

ஜகதீசன் தலையைத் தூக்கி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "மோர் போடு" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் பால்கனியில் நின்றுகொண்டு பத்ரியிடம், "இன்னும் ரெண்டு வருஷம். அதுக்குள்ள இது ஒண்ணு முடிஞ்சுட்டாப் போறும்டா எனக்கு" என்றார். இது என்றால் எது என்று சொல்லவில்லை. பதினாலு வருஷமாக அவர் ஒரே வேலையில் இருக்கிறார் என்பது மட்டும் பத்ரிக்குத் தெரியும். ஓய்வுபெறுவதற்கு முன்னால் அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த மனுஷருக்கு வேறு ஆசையே இருந்ததில்லை.

நாலு மணிக்கு பத்ரி வீடு திரும்பினார். மேஜையில் கட்டுரை இருந்தது. 'இந்த ஆண்டுக்குள்' என்ற இடத்தில் பேனா வந்து நின்றது. விமானங்களுக்கான எச்சரிக்கை அறிவிப்பு எப்படியும் இரண்டொரு நாளில் வந்துவிடும், அதில் தேதி இருக்கும், கட்டுரை வருவதோ செவ்வாய்க்கிழமை, ஆக நாம் எதையும் முந்திக்கொண்டு சொல்லவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். படித்தவனுக்குத் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளக் காரணம் கிடைப்பது கஷ்டமா என்ன? அடித்துவிட்டு, 'இம்மாதம் இருபதாம் தேதிக்குள்' என்று எழுதினார்.

செவ்வாய்க்கிழமை கட்டுரை முதல் பக்கத்திலேயே வந்தது. மூன்று சேனல் கூப்பிட்டது. கர்னல் வாயடைத்து உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் ஒன்று பத்ரியின் பெயரைப் போட்டுச் செய்தி அனுப்பியது, பக்கத்து நாடு கண்டன அறிக்கை விட்டது. எச்சரிக்கை அறிவிப்பு சனிக்கிழமைதான் வந்தது. பதினெட்டிலிருந்து இருபது வரை என்று அதில் இருந்ததைப் பார்த்து எல்லோரும் மூக்கில் விரலை வைத்தார்கள். கட்டுரைக்கு நாலு நாள் கழித்து வந்த அறிவிப்பு அது என்பதை மற்றவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். பத்ரி மட்டும் அந்த அறிவிப்பைக் கத்தரித்துக் கோப்பில் வைக்கவில்லை.

திங்கட்கிழமை அறிவிப்பு வாபஸ் ஆயிற்று. சோதனை தள்ளிவைப்பு. புதன்கிழமை ஜகதீசன் ஒன்றரை பாட்டில் மிச்சத்தோடு வீடு வந்து சேர்ந்தார். அதே வாரம் விசாரணைக் குழு போட்டார்கள். வாக்குமூலத்தை எழுதி எடுத்துக்கொண்டு வரும்படி பத்ரிக்குக் கடிதம் வந்தது.

ஆஜராக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில் அத்திம்பேர் தார்நாகாவுக்கு வந்தார். அக்கா இல்லாமல் அவர் அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்தார். பத்ரி ஒரு நாற்காலியைக் காலி பண்ணி, "உக்காருங்கோ அத்திம்பேர்" என்றார்.

"என்கிட்டயும் எழுதி வாங்கிண்டா. என் பிரயாணத்தைப் பத்தி ஆத்துல யாருக்கும் எதுவும் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவா, வாங்கிக்கறவாளுக்கும் அது தெரியும். நீ ஊகம்னு எழுதிடு பத்ரி. ஒரே வார்த்தை. அதோட ஃபைலை மூடிடுவா. ரெண்டு மாசத்துல திரும்பத் தேதி போடுவா, நான் போயிட்டு வந்துடுவேன்."

"ஊகம்னா அத்திம்பேர்... இருபத்தஞ்சு வருஷமா நான் ஒரு வரி..."

"தெரியும். உன் நானூறு பக்கத்தையும் படிச்சவன் நான்."

பத்ரி மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "சரி, எழுதறேன்" என்றார். அத்திம்பேர் காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே அலம்பிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

பத்ரி சொன்னபடியே எழுதினார். நாலு வரி. அனுபவத்தின் அடிப்படையில் ஊகித்த தேதி, வேறு ஆதாரம் இல்லை என்று கையெழுத்துப் போட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்துக்கொண்டு போனார். அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

குழுவுக்குத் தலைவர் பக்தவத்சலம் என்ற ஓய்வுபெற்ற அதிகாரி, வேலூர்ப் பக்கத்துக்காரர். மிரட்டுகிற ஆளாகத் தெரியவில்லை. தேநீர் வரவழைத்தார். தாளைப் படித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடியும் படித்தார். முகம் வாடிப்போயிற்று.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பத்து வருஷமா உங்க கட்டுரைய வெட்டி ஒட்டி வெச்சிருக்கேன். ஒரு வரி ஆதாரம் இல்லாம இருக்காது. எழுதினா இவர மாதிரி எழுதணும்டான்னு என் பையன்கிட்ட சொல்லுவேன்." தாளை விரலால் தள்ளினார். "இதுல ஊகம்னு போட்டிருக்கீங்களே சார். அப்போ டிவியில வர்ற மத்தவங்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? கிளி ஜோசியமா நான் ஒட்டி வெச்சது எல்லாம்?"

மனதாரச் சொன்னாரா, அதுதான் அவர் தொழிலா என்று பத்ரிக்குக் கடைசி வரை தெரியவில்லை. மிரட்டியிருந்தால் சமாளித்திருப்பார். இந்த ஜன்மத்தில் தன்னை முழுக்கப் படித்த ஒரு வாசகர், கண்ணுக்கு நேராக, ஏமாந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். அதைத்தான் பத்ரியால் தாங்க முடியவில்லை. ஊகம் இல்லை, ஒருபோதும் ஊகித்ததில்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. அத்திம்பேர் வாயையே திறக்கவில்லை என்பதையும் அதே தாளில் நிரூபித்துவிடலாமே என்று ஒரு எண்ணம் வந்தது. உண்மையை முறையாக, வரிசையாக, ஆதாரத்தோடு வைத்தால் யாருக்கும் கெடுதல் வராது என்று மனுஷர் நிஜமாகவே நம்பினார். அவருடைய படிப்பு முழுவதும் அந்த நம்பிக்கையில் நின்றதுதான்.

"அந்தத் தாளைக் குடுங்க. நான் வேற எழுதித் தரேன்" என்றார்.

புதுத் தாள் கொடுத்தார்கள். நாலு பக்கம் எழுதினார். 'ஜகதீசன் எக்காலத்திலும் தம் பணி குறித்து என்னிடம் எதுவும் சொன்னதில்லை' என்பதற்கு இரண்டு தரம் அடிக்கோடு போட்டார். பிறகு அடிக்குறிப்புகள். ஒன்று முதல் ஆறு வரை அச்சில் வந்தவை, பக்க எண்ணோடு. ஏழாவது இப்படி இருந்தது: 'ஜூலை இரண்டாம் ஞாயிறு, உப்பல், மதிய உணவு நேரம். பயணத்துக்கான புளிக்காய்ச்சல் இரு புட்டிகள். இருபதாம் தேதி வரை பெண் பார்க்கும் நிகழ்ச்சி வேண்டாம் என்ற குடும்பப் பேச்சு. நேரில் கண்டதும் கேட்டதும்.'

பக்தவத்சலம் ஏழாவது குறிப்பை இரண்டு தடவை படித்தார். "இது சார், இது உங்க எழுத்து" என்றார். பத்ரி மனசு லேசாகி வெளியே வந்தார்.

ஆட்டோ ஹப்சிகுடா சிக்னலில் நின்றபோதுதான் உறைத்தது. ஆத்துல யாருக்கும் எதுவும் தெரியாது என்று அத்திம்பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் தெரிந்தது என்று இவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், நாள், இடம், நேரம், பாட்டில் எண்ணிக்கை எல்லாம் போட்டு. ஆட்டோவைத் திருப்பச் சொன்னார். படியேறி ஓடினார். ஐம்பத்தொரு வயசு உடம்பு, மூச்சு வாங்கிற்று.

"ஊகம்னே போட்டுக்குங்க ஸார். அந்த முதல் தாள் இருக்கு இல்லையா, அதையே வெச்சுக்குங்க."

பக்தவத்சலம் உறையை ஒட்டிவிட்டிருந்தார். "காலையில அந்த வாய்ப்பு இருந்துச்சு சார். இப்போ கையெழுத்து ஆயிடுச்சு. இதுக்கு மேல மாத்துனா ரெண்டு பேருக்குமே கெடுதல்."

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. ஜகதீசன் நாட்டுக்குத் துரோகம் பண்ணினார் என்று யாரும் சொல்லவில்லை. பொய் வாக்குமூலம் கொடுத்தார் என்றார்கள். அது எழுத்தில் இருந்தது. முப்பத்துமூன்று வருஷ சர்வீஸைப் பார்த்து வேலையில் விட்டுவைத்தார்கள். திட்டப் பகுதிக்குள் போகிற பாஸை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். முதல் கேட்டை ஒட்டிய நூலகத்தில் பழைய சஞ்சிகைகளுக்கு அட்டவணை போடுகிற வேலை. காலை ஏழு நாற்பதுக்கு அதே பஸ். கூட வருகிறவர்கள் உள்ளே போவார்கள், இவர் வாசலோடு இறங்கிக்கொள்வார். அவர் உட்காரும் இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார ஆட்கள் தயங்கினார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

அக்கா பெண் சுஷ்மா போன் பண்ணினாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பெண், தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் வரும். "ஒக்க மாட மாமா! கெஸ் அனி ஒக்க மாட! அதி கூட செப்பலேகபோயாவா?" என்று கத்தினாள். ஒரு வார்த்தைதானே, ஊகம் என்ற ஒரே வார்த்தை, அதைக்கூடச் சொல்ல முடியாமல் போயிற்றா உனக்கு? பத்ரி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே நின்றார். அவள் அழுவது கேட்டது, அப்புறம் போனை வைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசைத் திடப்படுத்திக்கொண்டு உப்பலுக்குப் போனார். வேதா கதவைத் திறந்தாள், தட்டு போட்டாள், பரிமாறினாள். எதுவும் கேட்கவில்லை, இன்னொரு கரண்டி போடட்டுமா என்றுகூட. பத்ரி பாதியில் எழுந்து கை அலம்பினார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போகவில்லை.

அக்டோபரில் சோதனை நடந்தது. காலை பதினொரு மணிக்கு. பன்னிரண்டு மணிக்குள் சேனலிலிருந்து கார் அனுப்பிவிட்டார்கள். போகாமல் இருந்திருக்கலாம். போனார். வேறு யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை; வீட்டில் பெட்டிகளைத் தவிர யாரும் இல்லை. ஜூலையிலேயே தேதி சொன்ன மேதை என்று தொகுப்பாளினி அறிமுகப்படுத்தினாள். அரசின் செய்திக் குறிப்பு ஒரு பக்கம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், எந்த நாட்டுக்கு என்ன செய்தி, எல்லாம் சொன்னார். 'முழு வெற்றி' என்று பன்னிரண்டு தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் தன் குரலைக் கேட்கத் தனக்கே கூசியது.

அங்கிருந்து நேராக உப்பலுக்குப் போனார். ஏன் போனார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாலை ஐந்தரை இருக்கும். அத்திம்பேர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சட்டையோடு டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதில் பத்ரியே பேசிக்கொண்டிருந்தார், மத்தியானம் பேசியதன் மறு ஒளிபரப்பு. வேதா அடுக்களைக் கதவோரமாக நின்றிருந்தாள். வா என்று யாரும் சொல்லவில்லை.

"எத்தனை மணிக்குப் போச்சு?" என்றார் அத்திம்பேர். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"பதினொண்ணு ஆறுக்கு."

"காத்து இருந்துதாமா?"

"வானிலை நன்னா இருந்ததுன்னு போட்டிருந்தா."

அத்திம்பேர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "முதல் கட்டம் கழண்டு விழறப்போ ஒரு ஆட்டம் வரும். ஒரு செகண்டுகூட இல்லை. அது இந்தத் தடவை இருந்ததா இல்லையான்னு ஏதாவது சொன்னாளா?"

கதவோரத்தில் வேதா நிமிர்ந்தாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் புருஷன் செய்த வேலை இன்னது என்று அவள் காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

பத்ரி பையிலிருந்து செய்திக் குறிப்பை எடுத்தார். மேலிருந்து கீழே படித்தார். திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மறுபடியும் மேலிருந்து படித்தார். "இதுல அது இல்லை அத்திம்பேர்."

"இருக்காது."

"முழு வெற்றின்னு போட்டிருக்கா. அப்போ நேராத்தானே போயிருக்கணும்?"

"ஆடிண்டே போனாலும் போய்ச் சேர்ந்துடும். அடுத்த தடவை சேராது." அத்திம்பேர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பத்ரி காலில் விழுந்திருப்பார். "அங்க ஸ்க்ரீன்ல ஒரு கோடு வரும். அது நேரா ஓடறதா நடுங்கறதான்னு கூட நின்னு பாக்கணும். பாத்தவா வெளியில சொல்லக் கூடாது. நான் போன் பண்ணிக் கேட்டா, சொல்றவன் வேலை போயிடும். ரிப்போர்ட் லைப்ரரிக்கு வராது."

பத்ரி காகிதத்தை மடித்தார், பிரித்தார்.

"பதினாலு வருஷம் பத்ரி" என்றார் அத்திம்பேர். "நான் பண்ணினது சரியா வந்துதா, தப்பாப் போச்சான்னு தெரியாமலே நான் செத்துப்போயிடுவேன்."